பனியா, நானா? – கோத்தகிரி டீச்சரிடம் கேட்டவை

நான் கோத்தகிரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். நல்லது கெட்டது நடக்கும்போது அவரவர் சொல்லும் காரணத்தை அளக்கிற வினாத்தாள் பற்றி வந்த கேள்விகள் இவை.

குன்னூர் மாணவி: காரணத்தை எப்படி டீச்சர் அளக்கிறது?

1982-இல் பீட்டர்சன், செலிக்மன் முதலான உளவியலாளர்கள் வெளியிட்ட வினாத்தாளில் 12 நிகழ்ச்சிகள் உண்டு. 6 நல்லவை, 6 கெட்டவை. 'ரொம்ப நாளாக வேலை தேடியும் கிடைக்கவில்லை' என்பது ஒன்று. அது உனக்கு நடந்ததாக நினைத்து, முக்கியமான ஒரு காரணத்தை எழுதணும். அப்புறம் அந்தக் காரணத்துக்கு நீயே 1 முதல் 7 வரை மூன்று எண் போடணும்: என்னாலா, வெளியிலிருந்து வந்ததா? இனியும் இருக்குமா? இதோடு நிற்குமா, எல்லாவற்றையும் தொடுமா? 7 என்றால் முழுக்க என்னால், எப்போதும் இருக்கும், எல்லாவற்றையும் தொடும். கணக்கில் சேருவது இந்த எண்கள்தான்.

எடப்பள்ளி தேயிலை விவசாயி: உறைபனியில் செடி கருகிப்போச்சு. காரணம் 'பனி' என்று எழுதினால் நான் தப்பிக்கிறேன் என்று ஆகிவிடுமா?

இல்லை அண்ணா. காரணம் உண்மையா என்று தாள் பார்ப்பதில்லை. ஒருவர் 'பனி' என்கிறார். இன்னொருவர், 'செடியை மூடாமல் விட்டது என் தப்பு' என்கிறார். தன்மேல் போட்டுக்கொண்டாலும் அடுத்த பனிக்குள் திருத்திவிடலாம். மூன்றாமவர், 'நான் தொட்டது எதுவும் விளங்காது' என்கிறார். மூன்றிலும் 7 போடுவார் என்று நமக்குத் தோன்றும். ஆனால் 'பனி' என்றவரே 'வருஷா வருஷம் இதே கதிதான்' என்று நினைத்து இரண்டாவதில் 7 போடலாம். அதனால்தான் எண்ணை அவரையே போடச் சொல்கிறார்கள். நேரில் கேட்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு: கடிதம், டைரியில் அவர்கள் சொன்ன காரணங்களைப் பொறுக்கி, வேறு ஆட்கள் மதிப்பிடுவார்கள்.

கொடைக்கானல் அம்மா: மார்க் குறைந்தால் பையன் டீச்சரைத்தான் சொல்கிறான்.

மார்க் கூடினால் என்ன சொல்கிறான் அக்கா? 'கேள்வி ஈசி' என்றால் அதையும் கவனியுங்கள்; நல்லதையும் கெட்டதையும் தனித்தனியாகத்தான் கூட்டுவார்கள். பிள்ளைகளுக்கு வேறு தாள்: 48 கேள்விகள், இரண்டில் ஒரு பதில்.

ஊட்டி மேலாளர்: ஆள் எடுக்க உதவுமா?

ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் பார்த்த ஆய்வு 1986-இல் வெளியானது. கெட்டது நடந்தால் 'இது இதோடு போகும்' என்கிற மாதிரி நம்பிக்கையாகக் காரணம் சொன்னவர்கள் கூடுதலாக விற்றார்கள். ஆனாலும் ஒருவரை இதை மட்டும் வைத்துக் கழிக்காதீர்கள். மூன்று எண்களையும் தனித்தனியாக எடுத்தால் அளவு கொஞ்சம் தள்ளாடும், கூட்டுத்தொகைதான் பரவாயில்லை.

கூடலூர் மாணவர்: தமிழாக்கி எங்கள் கல்லூரியில் கொடுக்கலாமா?

மூலத்தில் 'டேட்டிங் போனீர்கள், சரியாக அமையவில்லை' என்று ஒரு கேள்வி. என் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பாதிப் பேர் காலியாக விட்டார்கள். 'பெண் பார்த்த இடத்தில் பேச்சு ஒட்டவில்லை' என்று மாற்றினேன். எழுதினார்கள், ஆனால் பாதிக் காரணங்களில் ஜாதகம்!