வளைந்த சுவர், உருண்டைத் தூண்: எந்தப் பொருள் உழைக்கும்?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோ வாங்கியிருக்கிறோம். ஹாலின் மேற்குச் சுவர் வில்லாக வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. ஒரு பாதி கண்ணாடி, மறுபாதி கான்கிரீட். சமையலறையில் ஓர் உருண்டைத் தூண். கான்கிரீட் பகுதியை ஜிப்சம் பலகை அடித்து நேராக்கிவிட்டு கேபினெட் போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தினமும் சமையல் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: சுவரை நேராக்காதீர்கள். இடம் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை, பலகைக்குப் பின்னால் அடைபடும் காற்று. கோலாலம்பூர் ஈரக்காற்று வெளிச்சுவர் வழியாக உள்ளே வரும். ஏர்கான் குளிரில் பலகையின் பின்புறம் வியர்க்கும். பூஞ்சை பிடித்தால் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

முதலில் வளைவை அளந்து பாருங்கள். கான்கிரீட் பகுதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டுங்கள். நடுவில் நூலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி? நூல் 3 மீட்டர், இடைவெளி 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வளைவின் ஆரம் ஏறக்குறைய 5.7 மீட்டர். இந்தச் சுவரில் 180 செ.மீ. அகலக் கேபினெட் ஒன்றைச் சாய்த்தால் பின்னால் 7 செ.மீ. பள்ளம் விழும், பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அதையே 60 செ.மீ. பெட்டிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் 8 மி.மீ.தான். அந்த 8 மி.மீ. காற்றோட்டத்துக்கு நல்லதும்கூட. பெட்டிகளின் முன்முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், 40 செ.மீ. ஆழப் பெட்டியானால் பின்பக்கம் ஆப்பு வடிவில் நாலரை செ.மீ. சந்து விழும். மேலே சுவரின் வளைவுக்கே வெட்டிய ஒற்றைப் பலகை வந்து அதை மூடிவிடும். ஆக, வளைத்துச் செய்ய வேண்டியது மேல்பலகை ஒன்றுதான். மற்றதெல்லாம் சாதாரண நேர்ப்பெட்டி, சாதாரண விலை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அந்த மேல்பலகையைக் கணக்குப் போட்டு வெட்டக் கூடாது. கான்கிரீட் சுவர் எதுவும் சுத்தமான வட்டமாக இருக்காது. மெல்லிய பிளைவுட்டைச் சுவரோரம் வைத்து, பென்சிலைச் சுவரை ஒட்டி இழுத்து அச்சு எடுக்கச் சொல்லுங்கள். சுவர்ப் பூச்சும் தரையும் முடிந்த பிறகே அச்சு.

பெட்டிக்கு மரத்தூள் பலகை வேண்டாம், விளிம்பில் ஒருமுறை நீர் ஏறினால் ஊதிவிடும். பிளைவுட், மேலே லேமினேட், விளிம்புகள் முழுக்க எட்ஜிங், அதாவது விளிம்பை மூடும் பட்டை. கண்ணுக்குத் தெரியாத அடிவிளிம்பிலும் எட்ஜிங் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து தடவிப் பாருங்கள். அங்கேதான் மாப் தண்ணீர் படும்.

சமையலறை டாப்புக்கு, அதாவது மேடையின் மேல்பரப்புக்கு, வருவோம். கடைக்காரர் முதலில் குவார்ட்ஸைத்தான் காட்டுவார். அதில் கல்தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின். சூடான வாணலியை நேராக வைத்தால் தழும்பு விழும், நாள்பட்ட வெயிலில் மஞ்சளிக்கும். அடுப்புப் பக்கத்துக்கு நான் சின்டர்ட் ஸ்டோனைச் சொல்வேன். 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு எடுக்கும் செயற்கைக் கல் அது. சூடு, வெயில், மஞ்சள்தூள் மூன்றையும் தாங்கும். ஆனால் விளிம்பில் இடிகல் பட்டால் சில்லு தெறிக்கும், அதனால் விளிம்பைக் கூராக விடாமல் கொஞ்சம் உருட்டச் சொல்லுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? கறுப்புக் கிரானைட் போதும், நம் சமையலுக்கு அது நன்றாகவே உழைக்கும்.

தூணைச் சுற்றி வளைந்த காலை உணவு மேசை போட ஆசையிருந்தால் அங்கே சாலிட் சர்ஃபேஸ் என்ற பிசின் கலந்த செயற்கைப் பலகை போடலாம். சூடேற்றி வளைக்கலாம், இணைப்புக் கோடே தெரியாது. மஞ்சள் கறை ஏறினாலும் கீறல் விழுந்தாலும் தேய்த்து எடுத்துவிடலாம். சூட்டை மட்டும் தாங்காது, அதனால் அடுப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

தூணுக்கு, விரல்போல ஒடுங்கிய சின்னச் சின்னக் கிட்கேட் டைல்ஸ் அழகாக வளைந்து உட்காரும். இடுக்குகளை எப்பாக்ஸி கிரவுட்டால் (பிசின் வகைப் பூச்சு) நிரப்புங்கள். சிமெண்டு கிரவுட் என்றால் முதல் மாதமே தாளித்த எண்ணெய் ஏறிவிடும். டைல்ஸ் பிடிக்க வேண்டும் என்று தூணைக் கொத்த விடாதீர்கள். அது கட்டடத்தைத் தாங்குவது. பூச்சுக்கு மேலேயே ஒட்டும் பசை இருக்கிறது.

தரைக்கு எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போட்டால் வளைவோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும், மேற்கு வெயிலில் அது விரியும். கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டிவிடுவதும் நல்லது. இடைவெளியை மறைக்க வளையக்கூடிய பிவிசி ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) கேளுங்கள். டைல்ஸ் என்றால் வரிசையை நேர்ச்சுவருக்கு இணையாகப் பிடித்து, வளைவில் வெட்டுப்படட்டும்.

அப்புறம், முன்பணம் கொடுப்பதற்கு முன் மேனேஜ்மென்ட் ஆபிஸில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். 2015 ஸ்ட்ராட்டா பராமரிப்பு விதிமுறைகளின்படி, அனுமதியில்லாமல் ரெனோவேஷன் தொடங்கக் கூடாது.