அகப்பையில் இருப்பது சட்டியில் வருமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் துகளைப் பற்றியவை. உப்பில் இருக்கிறதாம், கேன் தண்ணீரில் இருக்கிறதாம், மூளைக்குள்ளேயே போய்விட்டதாம். செய்தி வந்த மறுவாரமே அதற்குப் பரிகாரமாக ஒரு சரக்கும் கடைக்கு வந்துவிடுகிறது. ஆய்வு செய்தவர் ஒருவர், அதைக் காட்டி விற்பவர் வேறொருவர். இதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து கேள்விகளைப் பார்ப்போம்.

கேள்வி: எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்தே கல்லுப்புதான். கடல் உப்பில் பிளாஸ்டிக் இருக்கிறது, இனி இந்துப்புதான் வாங்க வேண்டும் என்று மதுரையில் படிக்கும் மகன் அடம்பிடிக்கிறான். கிலோ 140 ரூபாய் சொல்கிறார்கள். பக்கத்தில் வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கும்போது இது தேவையா? (சாயல்குடி வாசகி)

மகன் சொல்வதில் முதல் பாதி சரிதான் அம்மா. டாக்சிக்ஸ் லிங்க் என்ற டெல்லி அமைப்பு 2024 ஆகஸ்டில் 10 வகை உப்பையும் 5 வகைச் சர்க்கரையையும் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், எல்லாவற்றிலுமே துகள் இருந்தது. துகள் மிக அதிகமாக இருந்தது, அயோடின் கலந்த பாக்கெட் உப்பு ஒன்றில், கிலோவுக்கு 89 சொச்சம். மிகக் குறைவு ஆர்கானிக் கல் உப்பு ஒன்றில், கிலோவுக்கு 6.70. இங்கே கல் உப்பு என்றால் பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் பாறை உப்பு, அதாவது நம் இந்துப்பு. நீங்கள் வாங்கும் கடல் கல்லுப்பு இல்லை. பெயர்க் குழப்பத்திலேயே பாதி வியாபாரம் நடந்துவிடுகிறது.

உப்பளத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பாத்தியில் தேக்கிய நீரில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிப் போகும், மற்றதெல்லாம் உப்போடு தங்கிவிடும். அறுந்த வலை இழையும் கிழிந்த பையின் தூளும் கடல் தண்ணீரில் இருந்தால் உப்பிலும் இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்துப்பை யோசித்துப் பாருங்கள். அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு வற்றிப்போன கடல். அன்றைக்கு ஏது பிளாஸ்டிக்? அதிலும் ஆறேழு துகள் இருக்கிறதென்றால், அரைக்கும்போதும் பையில் அடைக்கும்போதும்தான் சேர்ந்திருக்க வேண்டும். ஆக, கடலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இப்போது ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவில் ஒருவர் ஆண்டு முழுக்கச் சாப்பிடுவது 1.8 கிலோ. மிக மோசமான பாக்கெட்டை வாங்கினால் ஆண்டுக்கு 160 துகள் சொச்சம், மிக நல்லதை வாங்கினால் 12. (நம் வீடுகளில் 5 கிராமோடு நிறுத்துபவர் யார் என்று கேட்காதீர்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று ஒரு சாப்பாட்டிலேயே அது தீர்ந்துவிடும்.) கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்துக் குறைப்பது இந்தச் சில்லறையைத்தான். அந்த அறிக்கை எண்ணியதும் 0.1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்களை மட்டுமே. அதைவிடப் பொடியானது எதில் எவ்வளவு என்று அது சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், அயோடின். கடைக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உறையில் அயோடின் பற்றிச் சொல்லாத இந்துப்பில் அது போதிய அளவு இருக்காது. எடை போட்டுத் தரும் கல்லுப்புக்கும் இதே பேச்சுதான், அதையும் கேட்டு வாங்குங்கள். கடலோரத்தில் இருக்கிறோம், மீன் சாப்பிடுகிறோம், அயோடின் தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பி விடவேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் துகளைவிட அயோடினைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

பாகிஸ்தான் மலை உப்பு என்று சொல்லி விற்றால் எப்போது வந்த சரக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2025 மே மாதம் அங்கிருந்து இறக்குமதிக்கே தடை போட்டார்கள்.

ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் 2018இல் ஒரு வழி சொன்னார்கள். பாத்திக்கு விடும் கடல் தண்ணீரை மணல் வடிகட்டி வழியாக விட்டால் துகள்களில் எடைக்கணக்கில் 85 சதவீதத்துக்கு மேல் நின்றுவிடும். மணலுக்கா நம் கரையில் பஞ்சம்? இது அளம் நடத்துபவர்கள் செய்ய வேண்டிய வேலை, உங்கள் அடுக்களையில் தீரும் விஷயமில்லை. நீங்கள் அயோடின் கலந்த கல்லுப்பையே வாங்குங்கள். மகனிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: 20 லிட்டர் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். ஒரு லிட்டரில் இரண்டரை லட்சம் பிளாஸ்டிக் துகள், அதனால் மாரடைப்பு வரும் என்று சொல்லி ஒருவர் 38,000 ரூபாய்க்கு, தண்ணீரை வடிகட்டிக் காரத்தன்மையைக் கூட்டித் தரும் ஆல்கலைன் மெஷின் கொடுக்கப் பார்க்கிறார். தவணை முறையும் உண்டாம். என்ன செய்யலாம்? (பாம்பன் வாசகர்)

முதலில் தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் சொன்னது இரண்டு தனித்தனி ஆய்வுகள். ஒன்று, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2024 ஜனவரியில் வெளியிட்டது. பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் துகள் என்றார்கள். உப்பில் கிலோவுக்கு 89, தண்ணீரில் லட்சக்கணக்கா என்று பதற வேண்டாம். பெரிய கண் வலையில் நெத்திலி விழாது, கொசுவலையை இழுத்தால் கூனிப்பொடிகூட ஏறும். அந்த ஆய்வு கொசுவலை. அதில் 90 சதவீதம் நானோ அளவுத் துகள், அதுவரை யாரும் எண்ணாதவை. சோதித்ததும் அமெரிக்கக் கடைகளில் விற்ற மூன்று பிராண்டுகளைத்தான். நம் ஊரில் வெயிலில் வண்டியில் வரும், பல தடவை நிரப்பிய கேனை அல்ல. நம் கேன் அதைவிட மோசமாகவும் இருக்கலாம், அது வேறு பேச்சு.

அந்த ஆய்வில் மெஷின் விற்பவர் சொல்லாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. அதிகம் தென்பட்ட பிளாஸ்டிக்குகளில் ஒன்று பாலிஅமைடு, நைலான் ஜாதி. அது தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியிலிருந்தே வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். வடிகட்டியே துகள் விடும் என்று சந்தேகிக்கும் ஆய்வைக் காட்டி வடிகட்டி விற்கிறார்!

இரண்டாவது, 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இத்தாலிய ஆய்வு. கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை அறுவைச் சிகிச்சையில் நீக்கிக்கொண்ட 257 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 150 பேரின் அடைப்பில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இருந்தது. பிளாஸ்டிக் தென்பட்டவர்களுக்கு அடுத்த மூன்றாண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, தென்படாதவர்களைவிட நாலரை மடங்கு. லேசாக ஒதுக்கிவிடக்கூடிய ஆய்வு இல்லை, எனக்கே படித்தபோது திக்கென்றது. ஆனால் பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, அதை எழுதியவர்களே அப்படிச் சொல்லவில்லை. அந்தத் துகள் தண்ணீரில் வந்ததா, சோற்றில் வந்ததா, மூச்சில் வந்ததா என்பதும் தெரியாது. இதில் ஆல்கலைன் எங்கே வந்தது? ரத்தத்தின் காரத்தன்மையை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் குடிக்கும் தண்ணீர் அதை மாற்றாது.

செலவில்லாத வழி ஒன்றும் 2024இலேயே வந்தது, சீனாவிலிருந்து. கடினத் தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு திரண்டு படிகிறது அல்லவா, அது துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நல்ல கடினத் தண்ணீரில் 90 சதவீதம் வரை குறைந்தது, மென்மையான தண்ணீரில் கால்வாசிதான். பானை அடியில் படியும் அந்த வெள்ளைப் பொருக்கை நம் பெண்கள் திட்டாத நாளில்லை, அதற்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. அதற்காக உப்புக்கரிக்கும் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்துவிடாதீர்கள், உப்பு எங்கும் போகாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்துவைத்து, காய்ச்சி, ஆறித் தெளிந்த பிறகு வேட்டித் துணியில் வடிகட்டிப் பானையில் ஊற்றுங்கள். கேன் தண்ணீர் ஆர்ஓவில் வருவதால் அதில் சுண்ணாம்பு குறைவு, காய்ச்சினாலும் இந்தப் பலன் அவ்வளவாக இருக்காது.

கேன்தான் கதி என்றால், மேலே ஒட்டியிருக்கும் தாளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இருக்கிறதா பாருங்கள். கீறலும் பாசியும் உள்ள கேனைத் திருப்பிக் கொடுங்கள். திண்ணை வெயிலில் வைக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படி வாசலில் வந்தவரிடம் பெரிய வடிகட்டி வாங்கியவன்தான். உள்ளே போடும் உருளைக்கு மாதாமாதம் அழுதது மெஷின் விலையைத் தாண்டியது. இப்போது அதன் மேல் பூந்தொட்டி இருக்கிறது.

கேள்வி: வீட்டுக்காரர் துபாயிலிருந்து நான்ஸ்டிக் சட்டி செட் கொண்டுவந்தார். கூடவே ஆறு கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி. கறுப்புக் கரண்டி விஷம், தூக்கிப் போடு என்கிறாள் என் நாத்தனார். (கீழக்கரை வாசகி)

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். உங்கள் நாத்தனாரின் பயம் தலைகீழ், அகப்பையில் இருப்பது சட்டியில் வருமா என்பது.

2024 அக்டோபரில் கீமோஸ்பியர் இதழில் வந்த கட்டுரை இது. பழைய டிவி, கம்ப்யூட்டர்களின் கறுப்பு உறையை உருக்கிக் கரண்டியும் பொம்மையும் செய்வதால், தீப்பிடிக்காமல் இருக்க அவற்றில் சேர்த்த ரசாயனமும் கூடவே வருகிறது என்றார்கள். ஒரு நாளில் உடம்புக்குள் போகும் அளவு கிட்டத்தட்ட அபாய வரம்பைத் தொடுகிறது என்றும் எழுதினார்கள். உலகமெங்கும் கரண்டிகள் குப்பைக்குப் போயின. அப்புறம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வேதியியலாளர் ஜோ ஷ்வார்ட்ஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தார். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7,000 நானோகிராம் வரம்பு, 60 கிலோ மனிதருக்கு எவ்வளவு? 4,20,000. கட்டுரையில் இருந்தது 42,000. ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. வரம்பைத் தொடவில்லை, பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான். டிசம்பரில் திருத்தம் வந்தது. ஆனாலும் தங்கள் முடிவு மாறவில்லை என்றார்கள் எழுதியவர்கள். எனக்கு அது கொஞ்சம் வீம்பாகவே படுகிறது. அதே நேரம், அந்த ரசாயனம் கரண்டியில் இருந்தது பொய்யில்லை.

ஆகவே பதற்றம் வேண்டாம். விளிம்பு உருகியதையும் பிசிறடித்ததையும் மட்டும் கழித்துவிடுங்கள். கொதிக்கும் எண்ணெயில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். நான்ஸ்டிக்கில் எவர்சில்வர் கரண்டி போட்டால் பூச்சு பெயரும், அதனால் மரக்கரண்டியோ கொட்டாங்கச்சி அகப்பையோ நல்லது. சந்தையில் ஐம்பது ரூபாய்க்குள் முடியும்.

கேள்வி: நான் மீன் விற்கிறேன். மீனில் பிளாஸ்டிக், அது மூளைக்குப் போகும் என்று வாங்க வருகிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். என்ன பதில் சொல்ல? (மண்டபம் வாசகி)

மீன் விழுங்கும் துகள் பெரும்பாலும் குடலிலும் செவுளிலும்தான் அக்கா. நீங்கள் அதைக் கழித்துத்தானே கொடுக்கிறீர்கள். நெத்திலியைத் தலை கிள்ளிக் குடலை இழுத்துவிடச் சொல்லுங்கள். கருவாட்டை வெறும் மணலில் போடாமல் பந்தலில் காயவைத்தது என்று சொல்ல முடிந்தால் விலையும் கூடும்.

மூளை விஷயம் 2025 பிப்ரவரியில் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. 2016இல் இறந்தவர்களைவிட 2024இல் இறந்தவர்களின் மூளையில் ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் பிளாஸ்டிக் என்று நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தார் சொன்னார்கள். மூளைக்குள் ஒரு ஸ்பூன் பிளாஸ்டிக் என்று செய்தி பறந்தது. திசுவைச் சூடேற்றி, வரும் ஆவியை வைத்து இன்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கும் முறை அது. மூளையில் கொழுப்பு அதிகம், கொழுப்பைச் சூடேற்றினாலும் பாலிஎத்திலீன் போலவே ஆவி வரும், ஆகவே அளவு கூடுதலாகக் காட்டும் என்று மற்ற வேதியியலாளர்கள் மறுக்கிறார்கள். அடுத்த வீட்டு வாசனையை வைத்து வறுப்பது சீலாவா பாறையா என்று சொல்வது மாதிரி. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த ஆய்வு மீன் சாப்பிடாதே என்று எங்கும் சொல்லவில்லை.

கேள்வி: உடம்பில் சேர்ந்த பிளாஸ்டிக்கை வெளியேற்றும் வெந்தய–வெண்டைக்காய்ப் பொடி, அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது என்று ஆன்லைனில் 1,250 ரூபாய்க்கு வாங்கினேன். பணம் போனதா? (தொண்டி வாசகர்)

ஆய்வு உண்மை. டெக்சாஸின் டார்ல்டன் பல்கலைக்கழகத்தார் செய்தது. வெண்டைக்காய், வெந்தயம் இரண்டின் கொழகொழப்பையும் காயவைத்துத் தூளாக்கித் தண்ணீரில் கலக்கினால் துகள்கள் திரண்டு அடியில் இறங்கிவிடுகின்றன. ஊருணித் தண்ணீரில் தேத்தாங்கொட்டை உரசிச் சேற்றை இறக்கிய நம் பாட்டிக்கு இது புரிந்திருக்கும். ஆனால் அது குடத்துத் தண்ணீருக்கு. வயிற்றுக்குள் எதை இறக்கி எங்கே வடிகட்டுவது? இன்னும் பிரிக்காத டப்பாவில் வெந்தயம் இருந்தால் புளிக்குழம்புக்கு ஆகும்.

ஆராய்ச்சியைத் திரித்து விளம்பரம் செய்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். விளம்பரப் பக்கத்தையும் ரசீதையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள், இப்படிப்பட்ட பக்கங்கள் சீக்கிரம் காணாமல் போகும். முதலில் விற்றவருக்குப் பணத்தைத் திருப்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். விற்பவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மேல் அச்சிட்டிருக்கும் வாசகம்தான் உங்கள் சாட்சி.