பதில்: இரண்டாமாண்டிலேயே ஒலியியல் ஆய்வு செய்ய வழி உண்டா?

பாளையங்கோட்டையில் இளங்கலை இயற்பியல் இரண்டாமாண்டு படிப்பதாகவும், ஒலியியலிலும் கேட்டல் அறிவியலிலும் ஆர்வம் இருந்தும் கல்லூரியில் அதற்கான ஆய்வகம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஆய்வகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மிருதங்கத்தின் வலந்தலையிலுள்ள (வலப்பக்கத் தோலிலுள்ள) கரும்பூச்சு அதன் மேற்சுரங்களை, அதாவது அடிப்படை ஒலியோடு சேர்ந்தெழும் உயர்ந்த ஒலிகளை, ஒழுங்குபடுத்தும் விதத்தைப் பற்றி 1920இலேயே சி. வி. ராமன் எழுதியிருக்கிறார், நம் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் ஒலிக்கும் வில்லுப்பாட்டுக் குடமும் அத்தகைய ஆய்வுக்குரியதே. குடத்தின் வாயில் தட்டும்போது எழும் அந்த ஆழ்ந்த ஒலி பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றின் அதிர்வு என்பதால், சிறிது சிறிதாக நீர் ஊற்றித் தட்டி, கைபேசியில் பதிந்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் அதிர்வெண்ணை அளந்தால், காற்றின் கொள்ளளவு குறையக் குறைய ஒலி உயர்வதைக் கண்ணாலேயே காணலாம். இந்த அளவீடுகளைக் குறிப்பிட்டு, இந்திய அறிவியல் அகாதெமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். செவியின் செயல்பாடே உங்களை அதிகம் ஈர்க்கிறது என்றால், மைசூருவிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தின் பேராசிரியர்களுக்கும் தயங்காமல் எழுதுங்கள்.