இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா? தலசீமியா கேள்வி பதில்

புதுச்சேரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 28 வருடம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தக் குறை பற்றியும், அதில் பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் வெதரால் செய்த ஆய்வுகள் பற்றியும் கேளுங்கள். மருந்து மட்டும் எழுதித் தர மாட்டேன், அது உங்கள் டாக்டர் வேலை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா: பெண்ணுக்கு 22 வயது. ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இரண்டு வருடமாக இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்தாயிற்று.

ரிப்போர்ட்டில் முதல் வரியோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறோம். கீழே எம்.சி.வி., ஆர்.பி.சி. என்று இரண்டு வரி இருக்கும். ஒன்று சிவப்பணுவின் அளவு, மற்றது எண்ணிக்கை. இரும்புச்சத்து இல்லாவிட்டால் அணு சிறுக்கும், எண்ணிக்கையும் இறங்கும். தலசீமியா மைனரில் (அப்பா, அம்மா ஒருவரிடமிருந்து மட்டும் குறை வந்த லேசான நிலை) அணு சிறுத்தாலும் எண்ணிக்கை 55 லட்சம், 60 லட்சம் என்று தெம்பாக நிற்கும். அந்த இரண்டு எண்களையும் பார்த்துச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை நர்சிங் மாணவி: அக்கா, வெதரால் புதிதாக என்ன கண்டுபிடித்தார்?

லிவர்பூல்காரர். 1950களின் கடைசியில் கட்டாய ராணுவப் பணிக்காக சிங்கப்பூர் போனார். அங்கே ஒரு கூர்க்கா சிப்பாயின் பெண் குழந்தை, ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் உயிரோடு இருந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. வடிதாளையும் கார் பேட்டரியையும் வைத்துக்கொண்டு அந்த ரத்தத்தைப் பிரித்துப் பார்த்து, தலசீமியா என்று கண்டுபிடித்தார். 1960ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அனுமதி கேட்காமல் எழுதிவிட்டார் என்று ராணுவத்திடம் திட்டு வாங்கினார் என்பது தனிக் கதை.

பெரிய வேலை 1965ல் வந்தது. ஹீமோகுளோபினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைப் புரதச் சங்கிலி சம அளவில் வேண்டும். வலது கால் செருப்பு தைப்பவர் லீவு போட்டுவிட்டால் கடையில் இடது கால் செருப்பாகக் குவியும் இல்லையா, அப்படித்தான் பீட்டா குறைந்தால் ஜோடியில்லாத ஆல்ஃபா குவிகிறது. அது எலும்பு மஜ்ஜையிலேயே படிந்து, வளர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணுவைக் கொன்றுவிடுகிறது. வெதரால், கிளெக், நாட்டன் மூவரும் புரதம் கட்டும் செங்கல்லான அமினோ அமிலத்தில் கதிரியக்க அடையாளம் வைத்து, அதை ரத்த அணுக்களுக்குக் கொடுத்து எந்தச் சங்கிலி எவ்வளவு உருவாகிறது என்று அளந்தே காட்டினார்கள். ஆல்ஃபாவும் சேர்ந்து குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு நோய் லேசாக இருப்பது ஏன் என்று இப்போது உனக்கே புரியும்.

நெல்லிக்குப்பம்: அத்தை மகனைக் கட்டப்போகிறேன். பயப்பட வேண்டுமா?

சொந்தத்தில் கட்டுவதால் மட்டும் நோய் முளைத்துவிடாது. குடும்பத்தில் மைனர் இருந்தால், இருவரிடமும் அதே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரும் மைனர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மேஜராகும் (இருவரிடமிருந்தும் குறை வந்த கடுமையான நிலை) வாய்ப்பு நாலில் ஒன்று. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்" என்று ஒரு தாத்தா என்னிடம் கணக்குப் போட்டார். சோழி ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் உருளும், தாத்தா. இருவரும் கல்யாணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அரியாங்குப்பம்: பீட்ரூட் ஜூஸ் குடித்தால் சரியாகுமா?

ருசிக்குக் குடியுங்கள்.

பண்ருட்டி: என் பையனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். கூடவே இரும்பை வெளியேற்ற மாத்திரையும் தருகிறார்கள். ரத்தம் இல்லாதவனுக்கு இரும்பை எடுக்கலாமா?

ஒரு பை ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு தானாக ஒரு நாளில் கழிப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சம் இதயத்திலும் கல்லீரலிலும் படியும். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

கடலூர் முதுநகர்: ஏன் இந்தப் பெயர்?

கிரேக்கத்தில் தலசா என்றால் கடல். மத்தியதரைக் கடலோரத்து மக்களிடம் முதலில் பார்த்ததால் வந்தது. நம் ஊர்ப் பெயரிலும் கடல் இருப்பது தற்செயல்! இந்தக் குறை மலேரியாவிலிருந்து காப்பாற்றியதால்தான் மலேரியா பகுதிகளில் நிலைத்தது என்று 1949ல் ஊகித்தவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேன். பிற்பாடு இந்தியக் குடிமகனாகி புவனேஸ்வரில் இறந்தவர்.

மறுபடி திருப்பாதிரிப்புலியூர் அம்மா: பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். எம்.சி.வி. 63, ஆர்.பி.சி. 5.8. தையில் கல்யாணம் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

5.8 என்றால் 58 லட்சம். 63ஐ 5.8ஆல் வகுத்தால் 11க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. 13க்குக் கீழே என்றால் மைனரைச் சந்தேகிக்க வேண்டும். மென்ட்சர் என்ற மருத்துவர் 1973ல் சொன்ன கணக்கு இது, இதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. ஹீமோகுளோபினில் ஒரு சிறு வகையான ஏ2வின் அளவைப் பரிசோதனை செய்யுங்கள், 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா மைனர்தான். கூடவே உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள், இரும்பு குறைந்திருந்தால் ஏ2 சற்று இறங்கிக் காட்டும். மாத்திரையைத் தொடர்வதா என்பதை அந்த ஃபெரிட்டினைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லுங்கள். மைனர் என்பது நோய் இல்லை, உங்கள் பெண் நன்றாகவே வாழ்வாள். பையனையும் இதே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அவருக்குக் குறை எதுவும் இல்லையென்றால் பேரப்பிள்ளைக்கு மேஜர் வராது. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள், யார் பக்கத்திலிருந்து வந்தது என்று சண்டை மட்டும் போடாதீர்கள்.