முழு மிதியில் குலுங்கும் டர்போ கார்

கேள்வி: என்னுடைய 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் நிதானமாக ஓட்டும்போது எந்தக் குறையும் காட்டுவதில்லை. நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் குலுங்கித் தயங்குகிறது. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு டர்போவில் கை வைக்காதீர்கள். டர்போ அழுத்தித் தரும் காற்று சிலிண்டரில் நிறையும்போது, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஆகவே அந்த இடைவெளி தேய்மானத்தால் அகன்றிருந்தாலோ, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் பலவீனப்பட்டிருந்தாலோ, மித வேகத்தில் மறைந்திருக்கும் குறை முழு மிதியில் குலுக்கலாக வெளிப்படும்.

முதலில், காரின் கணினியில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. அதன் காயிலை மூன்றாம் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றி ஓட்டிய பின் பி0303 வருமானால் கோளாறு காயிலில்தான். எண் மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால் மட்டுமே டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கசிவையும் எரிபொருள் அழுத்தத்தையும் சோதியுங்கள்.

அதுவரை காரை விரட்டாதீர்கள்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும், அதன் விலை பிளக் செட்டின் விலையைப் போலப் பல மடங்கு.