எழுதக் கற்றுக்கொண்டேன், இப்போது எழுத வரவில்லை!

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எழுத்துப் பயிற்சிக்கென்றே ஒரு தாள் இருந்தது. எழுத்து வகைமை, ரெட்டரிக் (சொல்லால் இணங்கவைக்கும் கலை), வாசகர், நோக்கம், சூழல் என்று நிறையப் படித்தோம். கட்டுரை, விண்ணப்பம், ஆய்வுச் சுருக்கம் எல்லாம் எழுதியும் பார்த்தோம். கடைசியாக, ‘இந்தத் தாளில் நான் கற்றது என்ன?’ என்று ஒரு மீள்பார்வைக் கட்டுரை தர வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. மூன்று பக்கம் எழுதிவிட்டேன். படித்தால் எனக்கே பொய்யாகத் தெரிகிறது. இன்னொரு தொல்லையும் இருக்கிறது. முன்பெல்லாம் உட்கார்ந்தால் மளமளவென்று எழுதிவிடுவேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும் ‘இதை யார் படிப்பார்கள்?’ என்ற கேள்வி வந்து கை நின்றுபோகிறது. ரெட்டரிக் என்பதே ஆளை மயக்கும் வித்தைதானோ என்றும் உறுத்துகிறது. நான் உண்மையிலேயே எதையாவது கற்றேனா? கட்டுரையின் முதல் பக்கத்தையும், பயிற்சிக்காகக் கல்லூரி நூலகருக்கு எழுதிய விண்ணப்பத்தின் இரண்டு வரைவுகளையும் இணைத்திருக்கிறேன். கட்டுரையை ஆசிரியருக்கு நன்றி சொல்லி முடிக்கலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி

பதில்: கட்டுரையை அப்புறம் பார்ப்போம். நீங்கள் ஏதோ ஒப்புக்கு இணைத்தது போல அனுப்பியிருக்கிற அந்த விண்ணப்பத்தில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது: ‘அறிவுத் தாகம் கொண்ட மாணவர் சமுதாயம், நூலகம் விரைவிலேயே மூடப்படுவதால் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி வருகிறது.’ இரண்டாம் வரைவு இப்படி: ‘தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மட்டும், மூடும் நேரத்தை இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணியாக நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கூடுதல் நேரத்தில் கீழ்த்தள வாசிப்பு அறை திறந்திருந்தால் போதும். புத்தகம் வழங்கும் பிரிவு தேவையில்லை.’

முதலாவதைப் படிக்கிற நூலகர் என்ன செய்ய முடியும்? ஐயோ பாவம் என்று நினைக்கலாம். அதோடு சரி. எத்தனை நாள், எந்த அறை, எத்தனை ஊழியர் என்று அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவருக்கு என்ன அவசரம்? இரண்டாவதைப் படிக்கிறவர் கையில் ஒரு முடிவு தயாராக இருக்கிறது. செலவு எவ்வளவு சிறியது என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். புத்தகம் வழங்க வேண்டாம் என்றால் அந்த மேசைக்கு ஆள் வேண்டாம் என்று அவருக்கு உடனே புரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று முதல் வரைவின் ஓரத்தில் இருக்கிறது. பென்சிலால் கிறுக்கியிருக்கிறீர்கள்: ‘இவங்களே முடிவெடுக்க முடியாது, முதல்வருக்கு அனுப்பணும்.’ அதாவது, உங்கள் கடிதத்தை நூலகர் படித்து, அதன்மேல் ஒரு குறிப்பு எழுதி, இன்னொருவருக்கு அனுப்புவார். அந்தக் குறிப்புக்கு வேண்டிய வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ‘சொல்லொணாத் துயரம்’ என்பதை எந்த நூலகரும் தன் குறிப்பில் எடுத்து எழுதமாட்டார். ‘இரண்டு வாரம், வாசிப்பு அறை மட்டும்’ என்பதை அப்படியே எடுத்து எழுதுவார்.

உங்கள் மூன்று பக்கக் கட்டுரையின் முதல் பக்கம் என்னிடம் இருக்கிறது. இந்த விண்ணப்பத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை! அதற்குப் பதில், ‘இத்தாளின் வாயிலாக எழுத்தின் முக்கியத்துவத்தையும் வாசகரின் தேவையையும் ஆழமாக உணர்ந்தேன்’ என்றிருக்கிறது. உங்களுக்குப் பொய்யாகத் தெரிவது இந்த மாதிரி வரிதான். சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்கள் வகுப்பில் யார் வேண்டுமானாலும் இதை எழுதலாம். வகுப்புக்கே வராதவரும் எழுதலாம். நீங்கள் எழுதியதுதான் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. பென்சில் கிறுக்கலை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

ஆகவே, கற்றேனா என்ற கேள்விக்கு என் பதில்: கற்றிருக்கிறீர்கள். கற்றது எங்கே இருக்கிறது என்று தேடத்தான் இன்னும் பழகவில்லை. கலைச்சொற்களில் தேடுகிறீர்கள், அடித்த வரிகளில் தேடுங்கள்.

இங்கே அரிஸ்டாட்டிலைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கொள்ளலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் பேச்சை மூன்றாகப் பிரித்தார். நடந்ததைப் பற்றி நீதிமன்றத்தில் பேசுவது ஒன்று. இனி என்ன செய்யலாம் என்று அவையில் பேசுவது இன்னொன்று. ஒருவரைப் புகழ்ந்தோ பழித்தோ மேடையில் பேசுவது மூன்றாவது. இந்தப் பிரிவினைக்கு அவர் அளவுகோலாக எடுத்தது பேசுபவரை அல்ல, கேட்பவரை. நீதிமன்றத்தில் கேட்பவர் நடந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவையில் கேட்பவர் வரப்போவதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். மேடைக்கு முன்னால் இருப்பவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பேச்சை ரசித்தால் போதும். இப்போது உங்கள் முதல் வரைவைப் பாருங்கள். முடிவெடுக்க வேண்டிய ஒருவரை ரசிகராக்கி உட்கார வைத்துவிட்டது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய கையோ என்று சந்தேகமாக இருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வகைமை என்பதை நம்மில் பலர் ஒரு படிவம் போலத்தான் கற்கிறோம். விண்ணப்பம் என்றால் அனுப்புநர், பெறுநர், பொருள், ‘இப்படிக்கு’. ஆய்வுக் கட்டுரை என்றால் முன்னுரை, முறை, முடிவு. இந்தப் பார்வையை 1984இல் கரோலின் மில்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரையில் புரட்டிப் போட்டார். ஒரே மாதிரியான தேவை மனிதர்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அதை எதிர்கொள்ள அவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற செயல்தான் வகைமை என்றார். உருவம் அந்தச் செயலைத் தொடர்ந்து வருவது. ‘பொருள்’ என்ற வரி விண்ணப்பத்தில் ஏன் இருக்கிறது? நிறையக் கடிதங்கள் வருகிற மேசையில், பிரித்துப் படிக்கும் முன்பே எது எங்கே போக வேண்டும் என்று தெரிவதற்காக. காரணம் தெரிந்தால் அந்த வரியை நன்றாக எழுதலாம். தெரியாவிட்டால் ‘விண்ணப்பம் தொடர்பாக’ என்று எழுதிவிட்டுப் போவோம்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்திருந்தால், நன்னூலின் பாயிரத்தை, அதாவது முன்னுரையை, ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று எட்டு விஷயங்களைப் பவணந்தி முனிவர் அடுக்குகிறார். நூல் செய்தவர் பெயர், நூலின் பெயர் எல்லாம் முடிந்து கடைசியில் வருபவை கேட்போரும் பயனும். அத்தோடு விடவில்லை. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்கிறார். தொல்காப்பியச் செய்யுளியலிலும், செய்யுளின் உறுப்புகளாக அசை, சீர், அடி ஆகியவற்றுடன் ஒரே பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவை வருகின்றன. சீரும் அடியும் எப்படிச் செய்யுளின் உறுப்போ, அப்படியே கேட்பவரும் ஓர் உறுப்பு. ‘எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது’ என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அவர்கள் பேசியது நூலையும் செய்யுளையும் பற்றி, நூலகருக்கு எழுதும் விண்ணப்பத்தைப் பற்றியல்ல. ஆனால் உங்கள் பாடத்தில் வந்த வாசகர், நோக்கம், சூழல் ஆகியவற்றைத் தமிழில் யோசிக்கச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பழகிய சொல்லில் யோசித்தால் மிரட்சி குறையும்.

சரி, கை நின்றுபோகும் பிரச்சினை.

இது உங்களுக்கு மட்டும் வந்த நோயில்லை. எழுத்துப் பயிற்றுநரான பீட்டர் எல்போ 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில், வாசகரை நினைப்பதே சில நேரம் எழுத்தை முடக்கிவிடும் என்று வாதிட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் வாசகரை மறந்துவிட்டு எழுதுங்கள், திருத்தும்போது அவரை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் யோசனை. நான் இதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒரு சின்ன நிபந்தனையோடு. திருத்தும்போது வாசகர் நிஜமாகவே உள்ளே வர வேண்டும். ‘முக்கியம்’ என்பதை ‘இன்றியமையாதது’ என்று மாற்றுவதோடு திருத்தம் முடிந்துவிடக் கூடாது. எழுத்துப் பயிற்சி ஆய்வாளரான நான்சி சோமர்ஸ் 1980இல், மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்து எழுதினார். மாணவர்களுக்குத் திருத்தம் என்றால் பெரும்பாலும் சொல் மாற்றம். அனுபவசாலிகளோ சொல்லவந்த வாதத்தின் வடிவத்தையே கலைத்துப் போட்டுத் தேடினார்கள். நீங்கள் விண்ணப்பத்தில் செய்தது இரண்டாவது வகை. முதல் வரைவின் ஒரு சொல்கூட இரண்டாவதில் மிச்சமில்லையே!

கவனித்தீர்களா, அந்த முதல் வரைவை எழுதும்போது உங்கள் கை நிற்கவில்லை. மளமளவென்று வந்திருக்கிறது, மோசமாகவும் வந்திருக்கிறது. அதை எழுதி முடித்த பிறகுதான் பென்சில் எடுத்தீர்கள். உங்களுக்கான வேலைமுறை அதுதான். இப்போது என்ன ஆகிவிட்டதென்றால், பேனாவையும் பென்சிலையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் வரைவை அபத்தமாக எழுத உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை.

ரெட்டரிக் மயக்கும் வித்தையா? அப்படியும் பயன்படுத்தலாம், பயன்படுத்துகிறார்கள். இந்தப் புகார் பிளேட்டோ காலத்திலிருந்தே இருக்கிறது. அவருடைய மாணவரான அரிஸ்டாட்டில், ரெட்டரிக்கை எந்த விஷயத்திலும் இணங்கவைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று காணும் திறமை என்று வரையறுத்தார். காண்பதுதான் கலை. உங்கள் இரண்டு வரைவுகளில் எது மயக்கப் பார்த்தது என்று நீங்களே சொல்லுங்கள். இரக்கத்தைக் கிளற முயன்றது, ரெட்டரிக் படித்துத் தெளிவதற்கு முந்தைய வரைவுதான். படித்த பிறகு எழுதியது நாளையும் நேரத்தையும் அறையையும் சொல்லிவிட்டு, மறுக்கும் உரிமையையும் படிப்பவரிடமே விட்டுவிட்டது.

இனி மீள்பார்வைக் கட்டுரை. இதுவும் ஒரு வகைமைதான், விசித்திரமான ஒன்று. ‘மனம் திறந்து எழுது’ என்று ஒருவர் கேட்கிறார். அவரே மதிப்பெண்ணும் போடுகிறார். இந்தச் சூழலில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: முன்பு இருளில் இருந்தேன், இந்தத் தாள் விளக்கேற்றியது. ஆசிரியருக்கு இந்தக் கதை மனப்பாடம். ஒரு கட்டு விடைத்தாளில் அதையே அவர் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். அவர் எதைத் தேடுகிறார் என்று யோசியுங்கள். கற்றதற்குச் சான்று தேடுகிறார். ‘உணர்ந்தேன்’ என்பது சான்றாகாது.

மூன்று பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு, விண்ணப்பத்தின் இரண்டு தொடக்கங்களையும் மேலும் கீழுமாக எழுதுங்கள். நடுவில் அந்தப் பென்சில் வரியை அப்படியே, பேச்சு வழக்கிலேயே போடுங்கள். பிறகு ஏன் மாற்றினீர்கள் என்று விளக்குங்கள். பாடத்தில் படித்த கலைச்சொல் தேவைப்படும் இடத்தில் தானாக வந்து உட்காரும். வராவிட்டால் அந்தச் சொல் அங்கே தேவையில்லை. இந்த ஒரு மாற்றத்தை விளக்கவே ஒரு பக்கத்துக்கு மேல் போகும்.

அடுத்து, கைகூடாத ஒன்றையும் எழுதுங்கள். ஆய்வுச் சுருக்கம் எழுதினோம் என்று சொன்னீர்கள். அது எப்படி வந்தது என்று மட்டும் சொல்லவில்லை. சரியாக வரவில்லை என்றால் எங்கே இடறியது என்று ஒரு பத்தி எழுதலாம். அடக்கம் காட்டுவதற்காக அல்ல. தன் எழுத்தில் எது வேலை செய்யவில்லை என்று சுட்டிக்காட்டத் தெரிவதும் இந்தத் தாளில் கற்ற பாடம்தான். கை நின்றுபோகும் தொல்லையையும் சேர்த்துக்கொள்ளலாம். வாசகரைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவருக்குத்தானே அந்தத் தொல்லை வரும்?

நீளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று ‘சென்றுதேய்ந்து இறுதல்’: நன்றாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து முடிவது. மீள்பார்வைக் கட்டுரைகளுக்கு இந்த வியாதி அதிகம். பக்கத்தை நிரப்ப வேண்டும் என்று கடைசியில் ‘எதிர்காலத்தில் இத்திறன்கள் எனக்குப் பெரிதும் கைகொடுக்கும்’ என்று இழுப்பார்கள். பக்க அளவு கட்டாயமென்றால், இன்னொரு பயிற்சியின் வரைவை எடுத்து அதையும் இதே மாதிரி பிரித்துக் காட்டுங்கள். தொடக்கப் பத்தியைக் கடைசியில் எழுதுங்கள்.

ஆசிரியருக்கு நன்றி? கட்டுரையில் வேண்டாம். மதிப்பெண் போடுகிறவருக்கு மதிப்பெண் போடும் தாளிலேயே நன்றி சொன்னால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். மதிப்பெண் வந்த பிறகு நேரில் போய்ச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் இரண்டு வரைவு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.