கண்ணாடியைக் கழற்றும் முன்: கண் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 23. எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி அணிகிறேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை பவர். மூன்று ஆண்டுகளாகப் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ்தான் போடுகிறேன். இன்னும் ஐந்து வாரத்தில் திருமணம். அதற்குள் லேசர் செய்துகொண்டு கண்ணாடி இல்லாமல் மணமேடையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் விரும்புகிறார்கள். செய்துகொள்ளலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களுக்கு லேசர் சிகிச்சைக்கான தகுதி இருக்கக்கூடும். ஆனால், இந்த ஐந்து வாரத்துக்குள் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

நாள்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளி புகும் மேலுறையின், வளைவைச் சிறிதளவு மாற்றி வைத்திருக்கும் என்பதால், மென்மையான லென்ஸ் அணிபவர்கள் பரிசோதனைக்கு முன்பு ஒன்று முதல் இரண்டு வாரம் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். கடின வகை லென்ஸ் என்றால் இன்னும் நீண்ட இடைவெளி தேவை. அதன் பிறகே பரிசோதனை, அதன் முடிவைப் பார்த்த பிறகே சிகிச்சை. ஆக, சிகிச்சைக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே இரண்டு வாரம் மிஞ்சினால் பெரிது. அந்த நாள்களில்தான் கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்கு ஊற்றும் தண்ணீர் கண்ணில் படக் கூடாது, மை தீட்டக் கூடாது என்று சொல்வோம். மணப்பெண்ணுக்கு இவற்றில் எதுதான் முடியும்? நலங்கு, மங்கல நீராட்டு, மணிக்கணக்கில் முக ஒப்பனை, அதற்கும் மேல் ஓமப் புகைக்கு எதிரில் ஒன்றரை மணி நேரம். லேசர் சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் கண் வழக்கத்தைவிட உலர்ந்தே இருக்கும். புகை பட்டால் எரியும், எரிந்தால் கை தானாகக் கண்ணுக்குப் போகும். திருமணத்தன்று கான்டாக்ட் லென்ஸையே அணிந்துகொள்ளுங்கள். லென்ஸைப் போட்ட பிறகு மை தீட்டுங்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அதைக் கழற்றிவிட்டே தூங்குங்கள். சிகிச்சையைப் பற்றி ஆறு மாதம் கழித்து நிதானமாக முடிவெடுக்கலாம். இடையில் கருவுற்றால், பிரசவமும் தாய்ப்பால் ஊட்டும் காலமும் முடியும் வரை தள்ளிப்போட வேண்டும், ஏனெனில் அந்தக் காலத்தில் பவர் நிலையாக இருக்காது.

தகுதி உண்டா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓர் எளிய கழித்தல் கணக்கு. கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன் கொண்டது, அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதல். லாசிக் என்னும் லேசர் முறையில் அதன் மேற்புறத்தில் சுமார் 110 மைக்ரான் தடிமனுக்கு ஒரு மெல்லிய மூடியைப் போல வெட்டித் திறந்து, அடியில் உள்ள திசுவை லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் பொருத்துவார்கள். ஒரு பவருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டியிருக்கும். எல்லாம் போக அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும்; 300 மிஞ்சினால்தான் மனநிறைவோடு செய்வேன் என்று சொல்லும் மருத்துவர்கள் பலர் உண்டு, நானும் அவர்களோடு உடன்படுகிறேன். உங்கள் கருவிழி 530 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், மூடிக்கு 110, ஐந்தரை பவருக்கு அதிகபட்சம் 83 போக, 337 மிஞ்சும். கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. அதே கணக்கை 480 மைக்ரான் கருவிழியும் மைனஸ் ஒன்பது பவரும் உள்ளவருக்குப் போட்டால் 235 மைக்ரானுக்குக்கூட இறங்கிவிடும். அவருக்கு லாசிக் செய்யவே கூடாது.

தடிமன் மட்டும் போதாது, வடிவமும் சீராக இருக்க வேண்டும். சிலருக்குக் கருவிழி மெல்ல மெலிந்து கூம்பு போல முன்தள்ளிக்கொண்டு வரும். அதன் தொடக்க நிலை கண்ணாடிப் பரிசோதனையில் தெரியாது. டோப்போகிராபி என்னும் கருவிழி வரைபடத்தில்தான் தெரியும். அந்தக் கண்ணில் லேசர் பட்டால் கூம்பு வேகமாக வளர்ந்து, கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத அளவுக்குப் பார்வை கெடும். சிறு வயதிலிருந்து அரிப்பால் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களும், குடும்பத்தில் யாருக்கேனும் கூம்புக் கருவிழி இருப்பவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசி ஓராண்டில் உங்கள் பவர் அரை எண்ணுக்கு மேல் மாறியிருக்கவும் கூடாது. பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். மைனஸ் ஐந்தரை என்றால் உங்கள் கண் உருண்டை இயல்பைவிட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது என்று பொருள். லேசர் கருவிழியைத் தட்டையாக்குகிறதே தவிர, நீண்ட உருண்டையைக் குறுக்குவதில்லை. அதற்குள் இழுபட்டு மெலிந்திருக்கும் விழித்திரை அப்படியேதான் இருக்கும். எனவே, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைச் சோதிப்பது லேசருக்கு முன்பும் தேவை, பின்பு ஆண்டுதோறும் தேவை. திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல மறைத்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். கண்ணாடி போய்விட்டது, இனிக் கண் மருத்துவரிடம் வேலையில்லை என்று நினைத்தவர்கள்தான் இந்த இடத்தில் பார்வையை இழக்கிறார்கள்.

கேள்வி: லேசர் செய்தபோது கருகுவது போன்ற ஒரு வாடை வந்தது. வலி இல்லை. ஆனாலும், கண்ணைச் சுட்டுவிட்டார்களோ என்ற பயம் போகவில்லை.
– வாசகர், புதுச்சேரி

பதில்: சுடவில்லை. கருவிழியைச் செதுக்கப் பயன்படும் எக்சைமர் லேசர் 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். அது திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்து, துகள்களாக வெளியேற்றுகிறது. சுற்றியுள்ள திசுவுக்கு வெப்பம் பரவ நேரமே இருப்பதில்லை. அப்படி வெளியேறிய துகள்களின் வாடையைத்தான் நீங்கள் உணர்ந்தீர்கள்.

இதைக் கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணியாற்றிய அவர், 1981 நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, அதன் மீது இந்த லேசரைச் செலுத்திப் பார்த்தார். வேறு வகை லேசர் பட்ட இடம் கருகிப்போக, இது பட்ட இடத்தில் ஓரம் கருகாத துல்லியமான வெட்டு கிடைத்தது. கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் 1983-இல் சீனிவாசனுடன் சேர்ந்து அதைக் கருவிழிக்குப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். உங்கள் கண்ணில் சில விநாடிகள் பட்டது அந்த ஒளிதான், அச்சம் வேண்டாம்.

கேள்வி: என் அப்பாவுக்குக் கண்புரை. 'லேசர் ஆபரேஷன்' செய்யலாம், கத்தி வைக்க வேண்டாம் என்கிறார்கள். கண்ணாடியை நீக்கும் லேசரும் இதுவும் ஒன்றா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒன்றல்ல. பேச்சுவழக்கில் லேசர் என்று சொல்லப்படும் கண்புரை அறுவை பெரும்பாலும் பேக்கோ முறை. அதில் மங்கிப்போன லென்ஸை உடைத்து உறிஞ்சுவது மீயொலி அதிர்வு. அதற்கும் மிகச் சிறிய வெட்டு உண்டு, உள்ளே செயற்கை லென்ஸும் உண்டு. சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அந்த லென்ஸின் பின்னுள்ள சவ்வு மங்கினால், அதைத் திறப்பதற்கு மட்டும் யாக் என்ற லேசரைப் பயன்படுத்துவார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், புரை அறுவைக்கு முன்பே விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்குத் தம்பி படிக்கிறான். கண்ணாடி இருப்பதால் லேசர் செய்துவிட்டு விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: செய்யவே வேண்டாம். அந்தப் பணிக்கு ஏ-1 என்ற மருத்துவத் தரம் தேவை. கண்ணாடி இல்லாமலே இரு கண்ணிலும் 6/6 பார்வை இருக்க வேண்டும் என்பதோடு, லாசிக் போன்ற சிகிச்சை செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்றும் ஆட்சேர்ப்பு அறிவிப்புகளில் எழுதியிருக்கிறது. மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செதுக்கிய கருவிழியின் தட்டை வடிவம் டோப்போகிராபியில் தெளிவாகத் தெரியும். ரயில்வேயிலேயே கண்ணாடியை அனுமதிக்கும் பணிகள் உண்டு. பாதுகாப்புப் படைகளிலும் காவல் துறையிலும் பணிக்குப் பணி விதி வேறுபடுகிறது. எனவே அறிவிப்பின் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படித்த பிறகே தம்பி கண்ணில் கை வைக்கலாம்.

கேள்வி: ஒன்பது வயது மகளுக்கு ஆண்டுதோறும் பவர் ஏறுகிறது. எத்தனை வயதில் லேசர் செய்யலாம்?
– தாய், மதுரை

பதில்: 18 வயதுக்கு முன் இல்லை, அப்போதும் பவர் நின்றிருந்தால்தான். ஆனால், உங்கள் மகளுக்கு இப்போது தேவை லேசர் அல்ல, ஏற்றத்தைத் தடுப்பது. வளரும் கண்ணுக்கு வெளிவெளிச்சம் மருந்து போன்றது. தைவானில் 2010 முதல் பள்ளிக் குழந்தைகளை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியே விளையாட விடும் திட்டம் நடைமுறைக்கு வந்தபின், அதுவரை ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு இறங்கத் தொடங்கியது. டியூஷனுக்கு முந்தைய விளையாட்டு நேரத்தை அவளிடமிருந்து பறிக்காதீர்கள். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும், இதற்கென்றே வந்துள்ள சிறப்புக் கண்ணாடிகளும் பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கின்றன. எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வார். கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, தொடர்ந்து போட்டால் கண் அழுத்த நோயும் புரையும் வரும்; குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர்.

கேள்வி: 24 வயதில் லேசர் செய்துகொண்டேன். இப்போது 44. செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: தூரத்துப் பேருந்துப் பலகை தெளிவாகத் தெரிகிறதென்றால் தோற்கவில்லை. உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகி, கிட்டத்தில் உள்ளதைக் குவிக்க முடியாமல் போவதால் வருவது. லேசர் பட்டது வெளியே உள்ள கருவிழியில்; உள்ளே இருக்கும் லென்ஸுக்கு வயது தன் போக்கில் ஏறிக்கொண்டிருந்தது. படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாக, உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கருவிழி மெலிந்திருப்பதால், கண் அழுத்தத்தை அளக்கும்போது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். உயர்ந்திருக்கும் அழுத்தம்கூட இயல்பானது போலத் தெரியலாம். பிற்காலத்தில் புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரமும் உங்களுக்குப் பிசகும். இரண்டுக்கும் உதவுவது சிகிச்சைக்கு முந்தைய பழைய பவர், கருவிழித் தடிமன், வளைவு ஆகிய அளவுகள். எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் லேசர் செய்துகொண்டதை முதலில் சொல்லுங்கள். அந்த 20 ஆண்டுப் பழைய கோப்பு வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். கிடைத்தவுடன் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.